கள்ளிப்பாலிலிருந்து கையடக்க ஸ்கேன் வரை

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

மறுமை நாளின் பேரதிர்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லும் அத்தியாயம் அத்தக்வீர். சூரியன் சுருட்டப்படுவதும், நட்சத்திரங்கள் உதிர்வதும், மலைகள் இடம்பெயர்வதும் அங்கே சொல்லப்படுகின்றன. அவற்றின் நடுவே உயிருடன் புதைக்கப்பட்ட சின்னஞ்சிறு பெண் குழந்தை ஒன்று எழுப்பி நிறுத்தப்படுகிறது. தான் கொல்லப்பட்டதற்குக் காரணமான குற்றம் எதுவென அக்குழந்தையிடமே வினவப்படுகிறது (81:8-9). கொன்றவனை நோக்கி அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவனை முகம்கொடுத்துப் பேசவும் தகுதியற்றவனாக்கிவிடும் இறைச்சினம் அது என்று விரிவுரையாளர்கள் விளக்குவர்.

அந்தக் கேள்வி அறியாமைக் காலத்து அரபுகளோடு முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் தருமபுரி மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். அதியமான் ஆண்ட தகடூர் இது. ஔவை என்னும் பெண்பாற் புலவருக்கு அரிய நெல்லிக்கனியை ஈந்து, அவரையே தூதராகத் தொண்டைமானிடம் அனுப்பிய மன்னனின் மண் இது. அதே மண்ணில்தான், பிறந்த பெண் சிசுவின் வாயில் கள்ளிப்பாலை ஊற்றும் கொடுமையும் நடந்தது.

1986ஆம் ஆண்டு உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலைகளைப் பற்றி இந்தியா டுடே இதழில் வெளிவந்த கட்டுரை நாட்டை உலுக்கியது. சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் இக்கொடுமை வேரூன்றியிருந்தது பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கி, 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. வளர்க்க விருப்பமில்லையெனில் கொன்றுவிடாதீர்கள், இந்தத் தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள் என்று பெற்றோரிடம் ஓர் அரசு மன்றாட வேண்டிய நிலை இருந்ததென்றால், அந்நிலையின் இழிவை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

எண்களையும் பார்ப்போம். இயற்கையாக 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கின்றன. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011இல் இது 913ஆக உயர்ந்தது. உயர்வு மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அவ்வாண்டு தமிழகத்தின் சராசரியான 943ஐக்கூட மாவட்டம் எட்டவில்லை.

இந்த முன்னேற்றம் தானாக வந்துவிடவில்லை. 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் அரசின் டானிடா நிறுவன உதவியுடன், கலைப்பயணம் என்ற பெயரில் தெருநாடகக் குழுக்கள் தருமபுரியின் ஊர்களுக்குள் சென்றன. வீட்டின் பின்கட்டில் கமுக்கமாக நடந்ததை ஊர் மந்தையில் நடித்துக் காட்டின. பார்த்திருந்த பெண்கள் அழுதனர், ஆண்கள் தலைகுனிந்தனர். கிராம சுகாதாரச் செவிலியர்கள் கருவுற்ற பெண்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்றனர். மறைவில் நடந்ததைப் பொதுவில் பேசியதே அந்நோய்க்கு மருந்தாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

கருவி வந்தது, மறைவிடம் கிடைத்தது

கள்ளிப்பால் குறைந்தது உண்மை. ஆனால் பெண் குழந்தை வேண்டாம் என்ற மனம் மாறியதா? மாறாத மனத்திற்கு இன்னொரு வழி திறந்தது. அதுவே ஸ்கேன்.

இந்தக் கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியலைகளை உடலுக்குள் அனுப்பி, அவை எதிரொலித்து வருவதைப் படமாக்கும் அறிவு மகத்தானது. 1958இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயான் டொனால்டும் அவருடைய குழுவினரும் இம்முறையை லான்செட் இதழில் வெளியிட்ட நாள் முதல், எண்ணற்ற தாய்மார்களின் உயிரை இது காத்து வந்துள்ளது. கருப்பைக்கு வெளியே தங்கிய கரு, வழியை மறைத்துக் கிடக்கும் நஞ்சுக்கொடி, இரட்டைக் குழந்தைகள், இதயக் குறைபாடு ஆகியவற்றையெல்லாம் முன்னரே அறிந்து மருத்துவம் செய்ய முடிகிறது. கருவுற்ற பெண்ணை உரிய காலத்தில் ஸ்கேனுக்கு அழைத்துச் செல்வது குடும்பத்தின் கடமை. அதைத் தடுப்பவன் மார்க்கத்தின் பெயரால் அறியாமையைப் பரப்புகிறான்.

ஆனால், கருவி நல்லதும் செய்யும் கெட்டதும் செய்யும், எல்லாம் பயன்படுத்துவோர் கையில் என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவதும் போதாது. இக்கருவி ஒரு பாவத்தின் தன்மையையே மாற்றிவிட்டது என்பதை நாம் காணத் தவறக்கூடாது.

அன்றைய அரபி தன் மகளை அலங்கரித்து அழைத்துச் சென்று, தன் கையாலேயே குழி தோண்டினான். அவளுடைய முகத்தை அவன் பார்த்தாக வேண்டும். கள்ளிப்பால் ஊற்றிய மூதாட்டியும் அச்சிசுவின் அழுகையைக் கேட்டாக வேண்டும். அந்த முகமும் அழுகையும் கொன்றவரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தன. பின்னாளில் தவ்பாவின் வாசலுக்கு இழுத்து வந்ததும் அந்த முள்ளே. ஸ்கேன் திரையோ முகத்தைக் காட்டுவதில்லை. கறுப்பு வெள்ளை நிழலொன்றைக் காட்டுகிறது. அழுகை ஒலி இல்லை, குழி இல்லை, ஜனாஸா இல்லை, அக்கம்பக்கத்தார் கேள்வி இல்லை. கரு தங்கவில்லை என்ற இரண்டு சொற்களில் எல்லாம் மூடப்படுகிறது.

அதைவிடக் கொடியது, ஒரே கொலை பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவது. 2022இலும் அதன் பின்னரும் தருமபுரி மாவட்டத்தில், வாடகை வீடுகளில் கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு சிசுவின் பாலினத்தைக் கூறிவந்த கும்பல்கள் பிடிபட்டன. மருத்துவப் பட்டம் பெறாதவர்களும் இடைத்தரகர்களும் அவற்றில் இருந்தனர். அண்டை மாநிலத்தில், 2023இல் பெங்களூரு காவல்துறை வெளிக்கொணர்ந்த வழக்கில், மண்டியா மாவட்டத்தின் வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்றே ஸ்கேன் கூடமாக இயங்கியது தெரியவந்தது. கரும்புச்சாறு கொதிக்கும் இடத்தில் ஒரு கட்டிலும் ஒரு சிறு பெட்டியும் போதுமானவையாக இருந்தன.

இத்தகைய தொழிலில் யார் கொலையாளி? ஆள் பிடித்துத் தந்தவர், நான் முகவரி மட்டுமே சொன்னேன் என்பார். வண்டி ஓட்டியவர், நான் வாடகைக்குப் போனேன் என்பார். வீடு கொடுத்தவர், நான் எதையும் கேட்கவில்லை என்பார். கருவியைப் பிடித்தவர், கண்டதைச் சொன்னேன், கலைக்கச் சொல்லவில்லை என்பார். மாத்திரை கொடுத்தவர், கேட்டார்கள், கொடுத்தேன் என்பார். மாமியார், ஊர் வழக்கம் என்பார். கணவன், வீட்டுப் பெரியவர்களின் முடிவு என்பான். எல்லாருக்கும் ஒரு சாக்கு இருக்கிறது. இல்லாமற் போனது அந்தக் குழந்தை மட்டுமே.

வாய்கள் முத்திரையிடப்பட்டு, கைகள் பேசி, கால்கள் சாட்சி சொல்லும் நாள் ஒன்று வரும் என்று அல்குர்ஆன் எச்சரிக்கிறது (36:65). முகவரி எழுதிக் கொடுத்த கையும், பணம் எண்ணிய கையும், கருவியை வயிற்றின்மேல் நகர்த்திய கையும் அன்று தத்தம் பங்கைச் சொல்லும். பிரித்துக் கொடுக்கப்பட்ட பாவம் அன்று ஒன்றுசேர்க்கப்படும். தகடூர்ப் பகுதியின் வாடகை வீடுகளில் பாலினம் பார்க்கப்பட்டு அழிக்கப்பட்ட பெண் சிசுக்கள் எழுப்பப்படும்போது, எந்த இடைத்தரகரின் பின்னால் நாம் ஒளிந்துகொள்ள முடியும்?

"நம்மவர்களிடம் இது இல்லை"

இந்தப் பேச்சை எடுத்தவுடன் நம் மஹல்லாக்களில் எழும் முதல் மறுமொழி இது. இதில் ஓரளவு உண்மையும் உண்டு. 2001 கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களிடையே ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 950 பெண் குழந்தைகள் இருந்தனர். நாட்டின் சராசரி 927. நாம் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனால் 2011இல் நம் எண்ணிக்கை 943ஆக இறங்கியது. வேறு சமுதாயங்களோடு ஒப்பிட்டு மகிழ்ந்தவர்கள் இந்த இறக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மண் சரியத் தொடங்கிய பின்னரும், பக்கத்து வீடு நம் வீட்டைவிட அதிகம் சரிந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்வது அறிவுடைமையன்று.

பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, மக்களிடமிருந்து ஒளிந்து திரிந்தவனின் மனநிலையை அந்நஹ்ல் அத்தியாயம் படம்பிடிக்கிறது (16:58-59). புதைத்தலுக்கு முன்னரே, முகம் கறுக்கும் அந்தக் கணத்தையே இறைவன் கண்டிக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த முகக் கறுப்பு நம் வீடுகளில் இல்லையா? மூன்றாவதும் பெண்ணா என்று மருத்துவமனை வாசலில் இழுக்கப்படும் பெருமூச்சு யாருடையது? ஆண் பிறந்தால் இனிப்புப் பெட்டியும், பெண் பிறந்தால் தாயும் சேயும் நலம் என்ற ஒற்றை வரியும் அனுப்புவோர் யார்? பாலினம் கேட்டு மருமகளை இன்னோர் ஊருக்கு அழைத்துச் செல்லும் பயணம் இந்தப் பெருமூச்சிலிருந்துதான் புறப்படுகிறது.

பெண்ணைப் பெற்றதற்காக மருமகளைக் குறைசொல்லும் குடும்பங்கள் ஓர் எளிய அறிவியலையும் அறிந்துகொள்ளட்டும். கருவின் பாலினம் தந்தையின் வித்தணுவைப் பொறுத்தது. தாயின் கருமுட்டையில் அந்த வேறுபாடு இல்லை. தான் நாடியோருக்குப் பெண் மக்களையும், தான் நாடியோருக்கு ஆண் மக்களையும் அருளுபவன் அல்லாஹ்வே என்று அஷ்ஷூறா அத்தியாயம் கூறுகிறது (42:49). அங்கே பெண் மக்களே முதலில் குறிப்பிடப்படுகின்றனர்.

சாக்குகளுக்கு மறுமொழி

அழிக்கும் எண்ணம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆவலே என்பர் சிலர். பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் இந்நாட்டில் குற்றம். 1994இல் இயற்றப்பட்டு, 1996 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் வலுப்படுத்தப்பட்ட சட்டம், சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகையிலோ பாலினத்தை வெளிப்படுத்துவதைத் தடைசெய்கிறது. பாலினம் அறிய முயலும் குடும்பத்தாருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டும் ஒரு லட்சமும். கருவுற்ற பெண்ணைக் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தினர் என்றே, மாறாக நிறுவப்படும் வரை, சட்டம் கருதும். அறியும் ஆவல் மட்டுமே எனில், அந்த ஆவலுக்குப் பணம் செலவழித்து, இரவில் ஊர் தாண்டிச் சென்று, பதிவில்லாத வீட்டில் படுக்க வேண்டிய தேவை என்ன?

120 நாட்களுக்குள்தானே என்று மார்க்க மொழியில் பேசுவோர் இன்னும் ஆபத்தானவர்கள். உயிர் ஊதப்படுவது பற்றிய நபிமொழியை வைத்து, அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி ஃபிக்ஹ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. அது தாயின் உடல்நலம் போன்ற உண்மையான நெருக்கடிகளை முன்வைத்து நிகழ்ந்த ஆய்வு. பெண் என்பதற்காகவே அழிக்கலாமா என்ற கேள்விக்கு அதில் இடம் தேடுவது, தொழுகையில் சலுகை இருக்கிறது என்பதற்காகத் தொழாமலிருக்கச் சலுகை கேட்பது போன்றது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதே நம் மார்க்கத்தின் அடித்தளம். இங்கே எண்ணம் ஒன்றே. குழி தோண்டியவனுக்கும் இவனுக்கும் அதில் வேறுபாடில்லை. அன்றியும், திரையில் பாலினம் தெளிவாகத் தெரியும் காலம் பெரும்பாலும் நான்காம் மாதத்தை ஒட்டியது. நாள் எண்ணித் தப்பிக்க நினைப்போருக்கு அந்தக் கணக்கும் கைகொடுப்பதில்லை.

வறுமை, சுமை, திருமணச் செலவு என்பது மூன்றாவது சாக்கு. வறுமைக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கொல்லாதீர்கள் என்ற தடை அல்குர்ஆனில் இரண்டு இடங்களில் வருகிறது (6:151, 17:31). இருப்பினும் இந்தச் சாக்கை மட்டும் நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் இந்த அச்சத்தை உண்டாக்கியது நம் சமுதாயமே. மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்பது இறைக்கட்டளை. அதைக் கொஞ்சம் பணமாக எழுதிவிட்டு, மறுபுறம் கைக்கூலியும் நகையும் வண்டியும் சீரும் கேட்கும் திருமணத்திற்கு ஜமாஅத்தின் பதிவேடு கையெழுத்திடுகிறது. மகளுக்குரிய சொத்துப் பங்கை, கல்யாணத்திற்குச் செய்துவிட்டோமே என்று சொல்லிச் சகோதரர்கள் விழுங்குகிறார்கள். பெண்ணைப் பெறுவதை நட்டக் கணக்காக்கிவிட்டு, பின்னர் அந்தக் கணக்கை ஸ்கேன் அறையில் சரிசெய்யப் பார்ப்பவனை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. கைக்கூலி நிக்காஹ்வில் வயிறார உண்டு எழுந்தவர்களுக்கும் இதில் பங்குண்டு.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும்

பதிவு செய்யப்படாத கருவிகளைப் பிடிப்பதும், படிவங்களைச் சரிபார்ப்பதும் அரசின் வேலை. அது நடக்கட்டும். பாலினத் தேர்வு விளம்பரங்கள் இணையத் தேடுபொறிகளில் வருவதை எதிர்த்து ஆய்வாளர் சாபு மேத்யூ ஜார்ஜ் தொடுத்த வழக்கில், 2017இல் உச்ச நீதிமன்றம் வரை அது விவாதிக்கப்பட்டது. ஆனால் சட்டம் ஒரு கதவை அடைக்கும்போது தொழில்நுட்பம் இன்னொன்றைத் திறக்கிறது. தாயின் இரத்தத்திலேயே சிசுவின் மரபணுத் துணுக்குகள் மிதக்கின்றன என்பதை 1997இல் டென்னிஸ் லோ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். மரபணுக் குறைபாடுகளை அறிய உதவும் அந்த அறிவைக் கொண்டு, பத்து வார அளவிலேயே பாலினத்தையும் அறிந்துவிட முடியும். பெரிய இயந்திரம் கையடக்கப் பெட்டியாயிற்று. நாளை அது சில துளி இரத்தமாகச் சுருங்கும். அப்போது எந்த அதிகாரி எந்த வீட்டைச் சோதனையிடுவார்?

கருவி சிறுக்கச் சிறுக்க, காவல் வெளியிலிருந்து உள்ளத்திற்கு நகர்ந்தாக வேண்டும். அதற்குப் பெயர் தக்வா. யாரும் பார்க்காத இடத்தில் அல்லாஹ் பார்க்கிறான் என்ற உறுதி அது. நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் செய்துகொடுத்த உறுதிமொழியில், இணைவைக்க மாட்டோம், திருட மாட்டோம் என்பவற்றோடு, தங்கள் குழந்தைகளைக் கொல்ல மாட்டோம் என்பதும் ஓர் அங்கம் (60:12). ஈமானின் வாசலிலேயே கேட்கப்பட்ட உறுதி இது.

நாம் செய்ய வேண்டியவை

தருமபுரியில் கள்ளிப்பால் குறைந்ததற்கு ஊர் மந்தையில் பேசப்பட்டதும் ஒரு காரணம் என்று முன்னரே சொன்னோம். ஸ்கேன் வழிக் கொலையும் அவ்வாறே பேசப்பட வேண்டும். நம் மந்தை மிம்பர். பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ, ஆண்டில் சில ஜும்ஆக்களேனும் குத்பாவும் பயானும் இதற்கென ஒதுக்கப்படட்டும். பெண்கள் மதரஸாவில் மட்டும் சொன்னால் போதாது. முடிவெடுப்போர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆண்கள்.

கைக்கூலி வாங்கும் நிக்காஹ்வுக்குப் பதிவேட்டை நீட்ட மாட்டோம் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தீர்மானிக்கட்டும். செல்வந்தர் வீட்டுத் திருமணத்திலிருந்தே அந்தத் தீர்மானம் தொடங்கட்டும். ஏழையிடம் மட்டும் செல்லுபடியாகும் தீர்மானம் வெறும் காகிதம். மகள்களின் பாகப்பிரிவினையை உயிரோடிருக்கும்போதே எழுத்தில் தெளிவுபடுத்துவோம். பாலினம் சொல்கிறோம் என்று அணுகும் தரகரைப் பற்றி மாவட்ட நிர்வாகத்திடமோ 104 என்ற சுகாதார உதவி எண்ணிலோ தெரிவிப்போம். காட்டிக்கொடுத்தல் என்று அதை எண்ண வேண்டாம். தெரிந்தும் வாய்மூடியிருப்பதே சிசுவைக் காட்டிக்கொடுப்பது. பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு ஜமாஅத் பெரியவர்கள் முதல் நாளே சென்று வாழ்த்தட்டும். முகம் கறுத்திருக்கும் பாட்டனாருக்கு அந்த வருகையே ஒரு பாடம்.

நபி (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் அனைவரும் சிறு வயதிலேயே இறந்தனர். மக்காவின் பகைவர்கள் அவர்களை வாரிசற்றவர் என்று எள்ளினர். அந்த ஏளனத்திற்கு விடையாக இறங்கிய அத்தியாயம் அல்கவ்ஸர். எள்ளியவர்களின் பெயர் அழிந்தது. நபியவர்களின் வழித்தோன்றல்களோ ஃபாத்திமா (ரலி) என்ற மகள் வழியாகவே இன்றுவரை தொடர்கின்றனர். இரண்டு பெண் மக்களைப் பருவம் எய்தும் வரை வளர்த்தவர் மறுமையில் தம்மோடு இரு விரல்கள் சேர்ந்திருப்பது போல் இருப்பார் என்று நபியவர்கள் நற்செய்தி கூறியதாக முஸ்லிம் நூல் பதிவுசெய்கிறது.

அந்த நெருக்கத்தைத் தரவல்ல குழந்தை, ஸ்கேன் திரையில் ஒரு நிழலாக அசைந்துகொண்டிருக்கிறது. அதன் பாலினத்தைக் கேட்காமல், அது நலமா என்று மட்டும் கேட்டுத் திரும்பும் குடும்பங்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.